அடுத்த துறையில் ஓர் ஆள்

முதுகலை முடிக்கும்வரை ஒரு மாணவருக்கு வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. நோட்ஸ் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்கிறார், பேராசிரியரைப் பற்றிப் புலம்ப நாலு பேர் இருக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ததும் இதெல்லாம் மெல்ல நின்றுபோகிறது. கோர்ஸ்வொர்க் தேர்வும் முடிந்துவிட்டால் பாடவேளை என்பதே கிடையாது. அதன்பின் மூன்றிலிருந்து ஆறு ஆண்டுகள்வரை அவருடைய பல்கலைக்கழகம் ஒரு மேசை, ஓர் ஆய்வுக்கூடம் அல்லது நூலகத்தின் ஒரு மூலை, ஒரு நெறியாளர். மற்றவையெல்லாம் அவர் தினமும் கடந்துபோகும் கட்டடங்கள்.

இந்தத் தனிமைதான் ஆய்வின் இயல்பு என்று நாம் பழகிவிட்டோம். ஆய்வென்றால் தவம், தவமென்றால் தனிமை என்று புதிதாகச் சேர்கிறவர்களிடமும் சொல்லிவைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடில்லை. எல்லாத் துறை ஆய்வு மாணவர்களும் ஒன்றாக உட்காரும் ஒரு சங்கத்தில் சேர்வதை, நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கக் கூடாது. ஆய்வேட்டின் தரத்துக்கும் ஆய்வாளரின் உயிருக்கும் அது தேவைப்படுகிறது. உயிருக்கு என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

ஓர் ஆய்வு மாணவருக்கு நெறியாளரின் கையெழுத்து எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வருகைப் பதிவுக்கு வேண்டும். விடுப்புக்கு, களப்பணிக்கு ஊருக்குப் போவதற்கு, கருத்தரங்கில் கட்டுரை வாசிப்பதற்கு, கான்டிஞ்சன்ஸி பில்லுக்கு வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் டாக்டரல் கமிட்டி (டி.சி.) மீட்டிங்கில் அறிக்கைக்கு வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.-இலிருந்து முதுநிலை உதவித்தொகையான எஸ்.ஆர்.எஃப்.-க்கு உயர்வதற்கு வேண்டும். சினாப்சிஸுக்கு, ஆய்வேட்டுக்கு, புறத்தேர்வாளர் பட்டியலுக்கு வேண்டும். எல்லாம் முடிந்து வேலை தேடிப் போகும்போது பரிந்துரைக் கடிதத்துக்கும் அவரிடம்தான் நிற்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) உதவித்தொகை வாங்குகிறவருக்கு இன்னொன்றும் உண்டு. அவர் இந்த மாதமும் ஆய்வில் தொடர்கிறார் என்பதைக் கனரா வங்கியின் இணையதளத்தில் அவருடைய நிறுவனம் மாதந்தோறும் உறுதிசெய்ய வேண்டும். ஓர் அலுவலர் பதிவேற்ற வேண்டும், இன்னொருவர் ஒப்புதல் தர வேண்டும். மேக்கர், செக்கர் என்று அலுவலகத்தில் சொல்வார்கள். இருவரில் ஒருவர் விடுப்பில் போனால் அந்த மாத மெஸ் பில் நிலுவையில் நிற்கும்.

நெறியாளர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. தம் வீட்டுச் சோறு போட்டு, தம் புத்தகங்களைக் கொடுத்து, இரவு பதினொரு மணிக்கு ஆய்வேட்டுப் பக்கங்களைத் திருத்தி அனுப்பும் நெறியாளர்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒருவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இன்னொருவருடைய படிப்புக்கும் பணத்துக்கும் பிழைப்புக்கும் அவர் ஒருவர் மட்டுமே வழி என்ற நிலை நல்லதில்லை. அந்த நிலையில் மாணவர் கேள்வி கேட்க மாட்டார். கேள்வி கேட்காதவரால் ஆய்வு செய்ய முடியாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இதைக் காட்டும் பழைய வரலாறு ஒன்று உண்டு. ஜி.என்.இராமச்சந்திரன் 1952-இல் இயற்பியல் துறைத் தலைவராக அங்கே வந்தபோது அவருக்கு வயது முப்பது. அந்த ஆண்டு லண்டனிலிருந்து சென்னை வந்த விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் பிடிபடவில்லை என்று அவரிடம் சொன்னார். தோலிலும் தசைநாரிலும் எலும்பிலும் இருக்கும் புரதம் அது. இயற்பியல்காரர் கொலாஜனுக்கு எங்கே போவார்? மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அருகிலேயே இருந்தது. தோல் பதனிடுவதே கொலாஜனைப் பக்குவப்படுத்தும் வேலைதான். இராமச்சந்திரன் அங்கே போனார். பிறகு ஆஸ்திரேலியக் கங்காருவின் வால் தசைநாரும் ஊடுகதிர்ப் படமெடுக்க வந்து சேர்ந்தது. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இலும் 1955-இலும் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரைகளில், மூன்று இழைகள் முறுக்கிக்கொண்டு நிற்கும் அமைப்பை முன்வைத்தார்கள்.

அதற்குப் பின் நடந்தது இன்னும் முக்கியம். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இந்த அமைப்பில் ஒரு குறை கண்டார்கள். சில அணுக்கள் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன, இவ்வளவு நெருக்கம் சாத்தியமில்லை என்றார்கள். அப்படியானால் அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு இராமச்சந்திரன் தம் மாணவர்களான சி.இராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் இருவருடனும் உட்கார்ந்து கணக்கிட்டதில் விளைந்ததுதான் 1963-இல் வெளியான ‘இராமச்சந்திரன் வரைபடம்’. உலகெங்கும் உயிர்வேதியியல் பாடநூல்களில் இன்றும் அது இருக்கிறது. தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசலும் வெளியிலிருந்து வந்த மறுப்பும் சேர்ந்து கொடுத்த வரைபடம் அது.

ஆனால் இராமச்சந்திரன் துறைத் தலைவர். அடுத்த வாசலைத் தட்ட அவருக்கு எவர் அனுமதியும் தேவைப்படவில்லை. மறுப்பு வந்தபோது பதில் எழுத அவருக்குத் தெம்பு இருந்தது. இன்றைக்குச் சேரும் முதலாண்டு ஸ்காலர் எந்த உரிமையில் அடுத்த துறைக்குள் நுழைவார்? “யாரைப் பார்க்கணும்?” என்று வாசலில் கேட்டால் என்ன சொல்வார்? அவருக்காக அந்தக் கதவைத் திறந்துவைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். சங்கம் என்று நான் சொல்வது அந்த ஏற்பாட்டைத்தான்.

நான் அருகிருந்து பார்த்த அப்படியொரு சங்கத்தில் புதன்கிழமை மாலை ஐந்தரைக்குக் கூடுவார்கள். ஏதாவது ஒரு துறையின் செமினார் ஹால், யாராவது ஒருவர் கொண்டுவரும் ஃபிளாஸ்க் டீ. ஒருவர் தம் ஆய்வைப் பற்றி இருபது நிமிடம் பேச வேண்டும். வேற்றுத் துறைக்காரர்கள்தான் முதலில் கேள்வி கேட்கலாம் என்பது விதி. தமிழ்த்துறையில் சித்த மருத்துவ ஏட்டுச்சுவடி ஒன்றைப் பதிப்பித்துக்கொண்டிருந்த பெண் ஒரு புதன்கிழமை பேசினார். மருந்துச் சரக்குகளின் பட்டியலைக் காட்டி, கரிசாலை என்பதற்கு எதிரே கரிசலாங்கண்ணி என்று குறிப்பெழுதியிருந்தார். பின்வரிசையிலிருந்து தாவரவியல் மாணவர் ஒருவர் எழுந்தார்.

“அக்கா, எந்தக் கரிசலாங்கண்ணி? வெள்ளையா, மஞ்சளா?”

“ஏட்டுல பூவோட நிறம் இல்லையே தம்பி.”

“ரெண்டும் வேற வேற செடிக்கா. பேரு ஒண்ணா இருக்கறதால ஒரே செடியோட ரெண்டு வகைன்னு எல்லாரும் நினைச்சுக்குவாங்க. பேரினமே வேற.”

அவர் கரும்பலகையில் இரண்டையும் வரைந்தும் காட்டினார். வெள்ளைக் கரிசாலையின் சிறிய பூ ஒரு பக்கம், மஞ்சளின் அகலமான இதழ்கள் மறுபக்கம். அடுத்த வாரம் அந்தப் பெண் சுவடி முழுவதையும் மறுபடி புரட்டினார். மஞ்சள் வகை பொற்றலைக் கையாந்தகரை என்ற பெயரில் வேறொரு பாடலில் தனியாகவே வந்திருந்தது. அப்படியானால் முதல் பட்டியலில் இருப்பது வெள்ளைதான் என்று காரணத்தோடு எழுத முடிந்தது. மருந்து நூல் பதிப்பு; செடி மாறினால் மருந்து மாறிவிடும். அவருடைய நெறியாளர் யாப்பில் பெரிய புலமை உள்ளவர், சுவடியில் ஒரு சீர் பிறழ்ந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கேள்வி அவரிடமிருந்து வந்திருக்க வழியில்லை.

துறைகள் சேர வேண்டிய தேவை தொல்லியலில் இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. சிவகளையில் முதுமக்கள் தாழி ஒன்றுக்குள் இருந்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவிக்கப்பட்டது. குழி தோண்டுகிறவர், தாழியைப் படிக்கிறவர், உமியை அடையாளம் காண்கிறவர், கரிமத்தை அளக்கிறவர் என்று பலர் கை சேர்ந்தால்தான் அந்த ஆண்டுக்கணக்கு கிடைக்கும். ஒளித்தூண்டல் முறையில் காலம் கணிக்க மண் மாதிரி எடுப்பதானால் துளி வெளிச்சம்கூடப் படாமல் எடுக்க வேண்டும். வெயில் பட்டால் அந்த மண்ணில் சேர்ந்திருந்த கணக்கு அழிந்துபோகும். ஏன் அழிகிறது என்பதை ஓர் இயற்பியல் மாணவர் வாயால் ஒருமுறை கேட்ட தொல்லியல் மாணவர், களத்தில் குழாயை மண்ணுக்குள் இறக்கும்போது கவனம் தப்ப மாட்டார். கையேட்டில் ஒரு வரியாகப் படித்தவருக்கு அந்தக் கவனம் வருவது கடினம்.

இனி இந்தக் கூட்டங்களின் இன்னொரு பயனுக்கு வருகிறேன். பேச்சும் கேள்வியும் முடிந்து டீ குடிக்கும் அந்தக் கால்மணி நேரத்தில்தான் முக்கியமான பல செய்திகள் கைமாறுகின்றன. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஒரு பெண், குழந்தை பிறக்கப்போவதால் ஆய்வையே விட்டுவிடலாமா என்று யோசிப்பதாக மெதுவாகச் சொன்னார். அவருடைய ஆய்வுக்கூடத்தில் அதுவரை யாரும் மகப்பேறு விடுப்பு எடுத்ததில்லை. ஆங்கிலத்துறை மாணவி ஒருவர் அங்கேயே போனில் யுஜிசி விதிமுறையைத் திறந்து காட்டினார். பெண் ஆய்வாளருக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு 240 நாள்வரை உண்டு. ஆய்வேடு சமர்ப்பிக்கவும் பெண்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் காலம் உண்டு. “நான் போன வருஷம் எடுத்தேன்க்கா, லெட்டர் மாதிரி இருக்கு, அனுப்பறேன்” என்றார். அந்த மாதிரிக் கடிதத்தால் ஓர் ஆய்வு நிற்காமல் தொடர்ந்தது. விதி அரசிதழில் இருந்தது. ஆனால் விதியைப் பயன்படுத்தியவர் ஒருவர் எதிரில் நின்று சொல்லும்வரை அந்த வேதியியல் பெண்ணுக்கு அது இல்லாததற்குச் சமம்.

பணத்தின் கதையும் இதேதான். ஜே.ஆர்.எஃப். 2014-இல் 16,000-இலிருந்து 25,000 ரூபாய் ஆயிற்று; 2019-இல் 31,000, 2023-இல் 37,000. யாரோ இரக்கப்பட்டு உயர்த்திய தொகைகள் இல்லை இவை. இயற்பியலும் வரலாறும் மொழியியலும் ஒரே பதாகையின் கீழ் நின்று, ஆய்வுக்கூடத்து வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்த பிறகு உயர்ந்தவை. 2015 அக்டோபரில், தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் தேர்ச்சி பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்கிறவர்களுக்கான உதவித்தொகையை நிறுத்த யுஜிசி முடிவெடுத்தது. முனைவர் பட்ட மாணவருக்கு மாதம் 8,000 ரூபாய், அவ்வளவுதான். டில்லியில் யுஜிசி அலுவலக வாசலிலேயே மாணவர்கள் இரவு பகலாகத் தங்கிப் போராடினார்கள். உதவித்தொகை தொடர்ந்தது. மாநிலப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அந்த எட்டாயிரமும் கிடையாது என்பதை, மாநிலப் பல்கலைக்கழகங்கள் மிகுந்த தமிழ்நாட்டில் நின்றுகொண்டு நாம் மறக்கக் கூடாது. இங்கே எத்தனையோ ஸ்காலர்கள் டியூஷன் எடுத்தும் சுயநிதிக் கல்லூரியில் மணிக்கணக்கில் பாடம் நடத்தியும்தான் ஆய்வேடு எழுதுகிறார்கள்.

உயிருக்குத் தேவை என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். சேலம் மாவட்டத்துத் தலித் குடும்பத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியலில் முனைவர் பட்டம் படிக்கப் போன செந்தில்குமார் 2008-இல் விடுதி அறையில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். நெடுநாளாக அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. நெறியாளரை ஒதுக்கும் நடைமுறையிலேயே தெளிவில்லை என்று பின்னர் பல்கலைக்கழகம் அமைத்த குழு கண்டது. அந்த நடைமுறை அவர் இருந்தபோதே தெளிவில்லாமல்தானே இருந்தது? மற்றத் துறைகளில் எப்படி ஒதுக்குகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்து, இது உன் குறை இல்லை, ஏற்பாட்டின் குறை என்று அவருக்குச் சொல்லும் அளவுக்கு ஆட்கள் அவர் பக்கம் இருந்தார்களா? இந்தக் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை.

2016 ஜனவரி 17 அன்று அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். உயிர் அறிவியலில் தொடங்கி, அறிவியலையும் சமூகத்தையும் சேர்த்துப் படிக்கும் துறைக்கு மாறியவர் அவர். ஏழு மாத உதவித்தொகை, 1,75,000 ரூபாய், அவருக்கு வர வேண்டியிருந்தது. அவர் தனியாள் இல்லையே, அம்பேத்கர் மாணவர் சங்கத்தில் முன்னணியில் நின்றவர்தானே, சங்கம் இருந்தும் காப்பாற்ற முடியவில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடுதியை விட்டு நீக்கப்பட்டவர் அவர் மட்டும் இல்லை, அவரோடு சேர்த்து ஐந்து பேர்; சங்கத்தில் இருந்ததே அவர்கள் மீது பாய்ந்த நடவடிக்கையின் காரணங்களில் ஒன்று. சங்கத்தில் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் செந்தில்குமாரின் சாவை அந்த வளாகத்துக்கும் சேலத்துக்கும் வெளியே அறிந்தவர் அன்று சிலர். ரோஹித்தின் சாவுக்குப் பின் நாடெங்கும் வளாகங்கள் எழுந்தன. அவருடைய தாயார் ராதிகா வெமுலாவும், மும்பையில் மருத்துவ மேற்படிப்பின்போது இறந்த பாயல் தட்வியின் தாயார் அபேதா தட்வியும் 2019-இல் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். சேர்ந்து நின்ற மாணவர்கள் இல்லாமல் அந்த வழி திறந்திருக்காது.

2023-இல் சென்னை ஐஐடியில் ஓர் ஆய்வு மாணவர் இறந்தார். ஓய்வுபெற்ற காவல்துறை உயரதிகாரி திலகவதி தலைமையிலான குழு விசாரித்தது, நெறியாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். எல்லாம் நடந்தது. எல்லாம் மரணத்துக்குப் பிறகு நடந்தது. விசாரணைக் குழு கேட்ட கேள்விகளை அந்த மாணவர் உயிரோடு இருக்கும்போதே கேட்க ஒரு சபை இருந்திருக்க வேண்டும்.

பொது மாணவர் பேரவை இருக்கிறதே, அது போதாதா என்பார்கள். பேரவைத் தேர்தலையே காணாத வளாகங்கள் நம்மிடம் ஏராளம். தேர்தல் நடக்கும் இடத்திலும், மாணவர் தேர்தல்கள் பற்றி 2006-இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுவின் பரிந்துரைப்படி, ஆய்வு மாணவர் 28 வயதுக்குள் இருந்தால்தான் போட்டியிடலாம். எம்.ஏ. முடித்துச் சில ஆண்டு வேலை பார்த்துப் பணம் சேர்த்துக்கொண்டு ஆய்வுக்கு வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் 28-க்குள் இருப்பார்கள்? அவர்களுக்கென்று தனிச் சங்கம் இல்லாவிட்டால் அவர்கள் சார்பில் பேச வளாகத்தில் எவரும் இல்லை.

பல்கலைக்கழக நிர்வாகங்கள் இத்தகைய சங்கங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது வருத்தம் தருகிறது. சென்னை ஐஐடியில் 2014-இல் தொடங்கிய அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரம், மத்திய அமைச்சகத்துக்குப் போன பெயரில்லாத ஒரு புகாரின் தொடர்ச்சியாக 2015 மே மாதத்தில் நீக்கப்பட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே ஜூனில் திரும்பக் கிடைத்தது. மாணவர்கள் சேர்ந்து படித்து விவாதித்ததுதான் அங்கே நடந்தது. ‘பல்துறை ஆய்வு’ என்று கொள்கை ஆவணங்களில் பக்கத்துக்குப் பக்கம் எழுதும் நிறுவனங்கள், பல துறை மாணவர்கள் தாங்களாகவே ஓர் அறையில் கூடினால் ஏன் பதற்றப்பட வேண்டும்?

சங்கங்கள் பக்கமும் குறை உண்டு, அதை மறைத்துப் பயனில்லை. பல இடங்களில் சங்கம் என்பது உதவித்தொகை எப்போது வரும் என்று கேட்கும் வாட்ஸ்அப் குழுவாகச் சுருங்கிவிட்டது. சில இடங்களில் கட்சிக்கு ஆள் பிடிக்கும் இடமாகிவிட்டது. கலைத் துறைகளைச் சேர்ந்தவர்கள் பேசிக்கொண்டே இருக்க, அறிவியல்காரர்கள் ‘லேப்பில் வேலை இருக்கிறது’ என்று நழுவிவிடுகிறார்கள். பொறுப்புகள் ஆண்கள் கையிலேயே நிற்கின்றன. கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக ஆய்வு செய்கிறவர்கள் தமிழ்நாட்டில் நிறைய. மாலை ஐந்தரைக் கூட்டத்துக்கு அவர்களால் வரவே முடியாது. சனிக்கிழமை காலையில் கூட்டம் வைத்தால் அவர்களும் வருவார்கள், எளிய மாற்றம். எல்லாவற்றையும்விட மோசமானது சாதிவாரியாகப் பிரிந்து உட்காருவது. அப்படி உட்கார்ந்தால் அது சங்கம் இல்லை, விடுதியின் பழைய அறைகளே வேறு பெயரில்.

இவை திருத்தக்கூடிய குறைகள். உள்ளே போகிறவர்கள்தான் திருத்த வேண்டும்.

நெறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை உங்கள் மாணவரை அடுத்த துறைக்கு அனுப்புங்கள். அங்கே கேட்ட கேள்வியை உங்களிடம் கொண்டுவந்தால் எரிச்சல்படாதீர்கள். இந்த ஆண்டு பதிவு செய்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு இப்போது எந்தக் குறையும் இல்லாமல் இருக்கலாம். உதவித்தொகை ஒழுங்காக வரலாம், நெறியாளர் அன்பானவராக இருக்கலாம். அப்படி இருக்கும்போதே சேருங்கள். குறை வந்தபின் போனால் உங்களை அங்கே எவருக்கும் தெரியாது. இப்போது போய் இன்னொருவருடைய ஆய்வைக் கேளுங்கள், ஒரு கேள்வி கேளுங்கள். யாராவது இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் விடுதி அறைக் கதவைத் தட்டிப் பாருங்கள். உங்கள் வளாகத்தில் அப்படியொரு சங்கம் இல்லையென்றால், இந்த வாரமே அடுத்த துறைக்குப் போய் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு தொடங்குங்கள்.